பழைய மஸ்டாங்குக்கு பெங்களூரில் ஒரு ஷெட்: எந்த வேலைக்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். இன்ஜின், கார்புரேட்டர், கூலிங், பிரேக் வேலையென்றால் இந்த ஷெட்டில் தைரியமாக வண்டியை விடலாம், டிங்கரிங்கும் நன்றாகவே செய்கிறார்கள். பெயின்ட் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து பாகங்கள் வரவழைக்கும் பொறுப்பையும் அவர்களிடம் விடாதீர்கள், நீங்களே ஆர்டர் போடுங்கள். டெலிவரிக்கு ஒரு தேதி சொல்வார்கள், அதை நம்பி கல்யாணத்துக்கு வண்டி தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஷெட்டின் பெயரைப் போடவில்லை. ஓனரே கேட்டுக்கொண்டார். உள்ளே நிற்கிற வண்டிகளுக்கே ஆள் போதவில்லை, இதில் யாராவது ஸ்விஃப்ட்டுக்கு ஆயில் மாற்ற வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்கிறார். மைசூர் ரோட்டில் கும்பளகோடு தாண்டி, தகரக் கூரை, வெளியே போர்டு கிடையாது. பழைய அமெரிக்க வண்டி வைத்திருக்கிறவர் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார், இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்தான்.

வண்டி எது என்று தெரியாமல் விமர்சனம் படித்துப் பயனில்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப். அல்சூரில் ஒரு குடும்பத்தின் கார் ஷெட்டில் பல வருடம் தூசி தின்றுகொண்டிருந்தது. சேஸிஸ் நம்பரில் ஐந்தாவது இடத்தில் சி என்ற எழுத்து இருக்கிறது, அப்படியென்றால் 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), நம் கணக்கில் 4.7 லிட்டர், இரண்டு பேரல் (காற்று இறங்கும் குழாய்) கார்புரேட்டர், 200 குதிரைசக்தி. அந்த 200ஐக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனிகள் ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் ஸ்டாண்டில் ஓட்டி எடுத்த கணக்கு அது. 1972 மாடல்களில் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறை வந்ததும் எல்லா வண்டிகளின் பவரும் காகிதத்தில் சடாரென்று இறங்கிவிட்டது. இதே 289இல் நாலு பேரல் போட்ட 'ஏ' 225 குதிரைசக்தி, 'கே' என்பது 271. கே வண்டி என்று யாராவது விலை சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டு அந்த ஐந்தாவது எழுத்தைப் போய்ப் பாருங்கள். 'டி' (ஆங்கில T) இருந்தால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த வண்டி. அதற்கு வீலில் நாலு போல்ட், வி8க்கு ஐந்து. பிற்பாடு யாரோ வி8 இறக்கியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

மஸ்டாங் அமெரிக்காவில் அபூர்வமான வண்டி இல்லை. 1964 ஏப்ரலில் வந்தது, 1966 மாடல் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை, முழு பாடி ஷெல்லையே புதிதாக அடித்து விற்கிறார்கள். அதையெல்லாம் கையில் எடுத்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் இங்கே கிடைப்பதில்தான் பிரச்சினை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளிமத் வண்டிகளை அசெம்பிள் செய்ததால் பழைய கிங்ஸ்வே, சவாய் மாதிரி வண்டிகளில் கைவைத்த மெக்கானிக்குகள் இருந்தார்கள், அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின்களின் பாகங்கள் சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் கூட எப்போதாவது தட்டுப்படும். வி8 கதை வேறு. தூதரகக்காரர்களும் வசதியானவர்களும் கொண்டுவந்த சில ஷெவர்லே இம்பாலாக்களைத் தவிர நம் மெக்கானிக்குகள் அதிகம் பார்த்ததில்லை.

இதற்கு முன் நகருக்குள்ளேயே ஒரு கேரேஜில் கொடுத்திருந்தேன், பெயர் வேண்டாம். வண்டி கார்புரேட்டர் வழியாகவே வெடித்துக்கொண்டு திரும்பி வந்தது. காரணம் என்னவென்று இந்த ஷெட்டில்தான் தெரிந்தது. ஷெவர்லேயில் சிலிண்டர் எண்கள் ஒரு பக்கம் 1, 3, 5, 7, மறுபக்கம் 2, 4, 6, 8 என்று போகும். ஃபோர்டில் டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் வலது பக்கம் முன்னாலிருந்து 1 முதல் 4, இடது பக்கம் 5 முதல் 8. ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுகிற திசையும் எதிர். அந்த கேரேஜில் இம்பாலா பழக்கத்தில் சிலிண்டரை எண்ணி ப்ளக் வயரை மாட்டியிருக்கிறார்கள். 289க்கு ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரிகிற வரிசை, 1-5-4-2-6-3-7-8. உங்களிடம் இந்த இன்ஜின் இருந்தால் பானட்டுக்கு உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்துவிடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்புறம் ஸ்பேனர். இந்த வண்டி முழுக்க அங்குல போல்ட். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனர் ஏறிவிடும், இறுக்கமான போல்ட்டில் வழுக்கி மூலையை மழுங்கடித்துவிடும். 9/16க்கு 14 ஏறவே ஏறாது, உடனே 15ஐப் போட்டுத் திருகுவார்கள். வாட்டர் பம்ப்பைச் சுற்றியுள்ள போல்ட்டில் பாதி அப்படித்தான் உருண்டையாகிக் கிடந்தது.

இந்த ஷெட்டின் உயிர் அங்கே இருக்கும் பெரியவர்தான். எல்லோரும் மேஸ்திரி என்கிறார்கள், நான் ஐயா என்றே கூப்பிடுகிறேன். கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்துப் பட்டறையில் ஃபிட்டர். தங்கவயலை 1880இலிருந்து நடத்தியது ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி, 1956இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும் அங்கிருந்த பழைய இயந்திரங்களின் கணக்கு அங்குலம்தான். அதனால் இவருக்கு அங்குல அளவு என்பது படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இல்லை, கையில் ஊறியது. போல்ட்டை விரலால் உருட்டிப் பார்த்தே 7/16 என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுக்கிறார். பிரிட்டிஷ் மரை வேறு கோணம், அமெரிக்க மரை வேறு கோணம், ஒன்றில் இன்னொன்றைத் திணித்தால் நாலு சுற்று போய் நின்றுகொள்ளும் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபோது பெங்களூர் ரயிலைப் பிடித்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் ஒன்று இவருடையது. பலர் வாட்ச்மேன் வேலைக்கும் மில் வேலைக்கும் போனார்கள். இப்படி ஒரு கை கார் பக்கம் வந்தது நம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன், அவருக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, கார்புரேட்டர். இந்த ஷெட்டுக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று இங்கே சென்னையைவிட எட்டு ஒன்பது சதவீதம் லேசு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, காற்றுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோலை இறக்கும், கணக்குப் போட்டால் நாலு சதவீதம் போல வரும். அதனால்தான் மேட்டு ஊருக்குப் போனால் சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கும் துளை) போடு என்று அமெரிக்கப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. முந்தைய கேரேஜ்காரர்கள் அதைப் படித்துவிட்டு ஜெட்டைச் சின்னதாக்கியிருந்தார்கள். வண்டி நாற்பதில் போகும்போது இழுத்து இழுத்து விட்டது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது, சூடும் ஏறியது. புத்தகம் சொன்னது தப்பில்லை, ஆனால் அந்தப் புத்தகம் எழுதியவர்களின் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இப்போது நம் பெட்ரோல் பங்கில் வருவது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால், அவ்வளவு எத்தனால் சேர்ந்ததும் அது பதின்மூன்றரை அளவுக்கு வந்துவிடும், எத்தனாலே கொஞ்சம் ஆக்ஸிஜனைத் தன்னோடு கொண்டுவருகிறது. அதாவது அதே காற்றுக்கு எட்டு சதவீதம் போல அதிகப் பெட்ரோல் வேண்டும். உயரத்துக்கு நாலு குறை, எத்தனாலுக்கு எட்டு கூட்டு. கழித்தால் ஃபேக்டரியில் போட்டதைவிடக் கொஞ்சம் பெரிய ஜெட்தான் இந்த ஊருக்குச் சரி. இதையே சென்னையில் ஒருவர் செய்தால் இன்னும் பெரிதாகப் போட வேண்டியிருக்கும், உயரத்தின் தள்ளுபடி அவருக்கு இல்லை.

மேஸ்திரி இந்தச் சதவீதக் கணக்கெல்லாம் சொல்லவில்லை, அது ஓனரின் வேலை. ஓனர் இளைஞர், சைலன்சர் பைப்பில் ஒரு ஆக்ஸிஜன் சென்சாரை மாட்டி லாப்டாப்பில் கோடு பார்க்கிறார். மேஸ்திரி ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். இருவரும் ஒத்துப்போகும் வரை ஜெட் மாறிக்கொண்டே இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம், சொந்தமாக அந்த சென்சார் வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலான மீட்டர்கள் வெறும் பெட்ரோல் கணக்கிலேயே எண்ணைக் காட்டும், இ20 போட்டிருந்தாலும் சமநிலையில் 14.7 என்றே வரும், அதைப் பார்த்து 13.5க்குக் கொண்டுவருகிறேன் என்று இறங்கினால் பெட்ரோல் தேவைக்கு அதிகமாகத்தான் இறங்கும். லாம்ப்டா எண்ணைப் பாருங்கள், எந்தப் பெட்ரோலானாலும் அதில் சமநிலை 1தான். ப்ளக்கைப் பார்த்து மட்டும் ட்யூன் செய்கிறவர்களுக்கும் இப்போது சிரமம்தான், எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய பழுப்பு நிறம் ஏறுவதில்லை, வெளுத்தே கிடக்கிறது, லீன் (பெட்ரோல் போதவில்லை) என்று தப்பாக நினைக்க வாய்ப்பு அதிகம்.

ஆட்டோலைட் 2100 என்ற அந்த ஒரிஜினல் கார்புரேட்டரையே வைத்துக்கொள்ளச் சொன்னதற்கும் அவர்களுக்கு நன்றி. நாலு பேரல் மாற்று, கார்புரேட்டரையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் கிட் போடு என்று தள்ளிவிட எல்லா வாய்ப்பும் இருந்தது, அதில் அவர்களுக்கு நல்ல லாபமும் கிடைத்திருக்கும். ரப்பர் ஹோஸ் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அப்படியே. இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஹோஸ் உள்பக்கம் ஊறி உரியும், அந்தத் துணுக்கு நேராக ஜெட்டில் போய் உட்காரும், அதைவிட மோசம் வெளிப்பக்கம் வெடித்து கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சூடான இன்டேக் குழாய் மேல் சொட்டுவது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. முந்தைய கேரேஜில் இன்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அங்குலக் கணக்கில் காட்டும் வாக்குவம் கேஜ் வைத்துப் பார்த்து, 15தான் காட்டுகிறது, வால்வு போய்விட்டது, ஹெட்டை இறக்கணும் என்று ஒரு பெரிய எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். கம்ப்ரஷனையும் லீக்கையும் எட்டு சிலிண்டரிலும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, ஊர்லதான் காத்து கம்மி" என்றார். ஆயிரம் அடி ஏறினால் கேஜில் ஒரு அங்குலம் குறையும். கடற்கரையில் 18 காட்டும் நல்ல இன்ஜின் மூவாயிரம் அடியில் 15தான் காட்டும். 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் போய்விட்டதே, அந்த ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் வால்வு சீட் தேயாதா, கடினமான சீட் போட்டுவிடலாமா என்று நானே கேட்டேன். ஹைவேயில் நாள் முழுக்க மிதிக்கிற வண்டியென்றால் அது வேறு, ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு இப்போதைக்கு அவசரமில்லை, என்றைக்காவது ஹெட் இறங்கினால் அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். லட்சக்கணக்கில் வரக்கூடிய வேலையை வேண்டாம் என்று சொன்ன ஷெட் இது, நான் இந்த ஒரு விஷயத்துக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொண்டேன்.

கூலிங் வேலை கச்சிதம். என் வண்டியில் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஷ்ரவுட் (ஃபேன் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வைக்கும் உறை) கிடையாது. நாயண்டஹள்ளி சந்திப்பில் கால்மணி நேரம் நின்றால் முள் சிவப்பைத் தொடும். ரேடியேட்டர் கோர் புதிதாகப் போட்டு, தகட்டில் ஷ்ரவுட் அடித்து, மூடியின் வாஷரைச் சரிபார்த்து 13 பிஎஸ்ஐ பிடிக்கிறதா என்று பம்ப் வைத்துச் சோதித்தார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், அந்த மூடி ஒழுங்காகப் பிடித்தால் இன்னும் இருபது டிகிரி தாங்கும், ஆக நூறு ரூபாய் வாஷரில்தான் விஷயம் இருக்கிறது. நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இழுக்காத தொல்லைக்கு எஸ்.பி. ரோட்டில் பேக்லைட் பலகை வாங்கி கார்புரேட்டருக்கு அடியில் ஸ்பேசர் அறுத்துப் போட்டார்கள். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும் இல்லையா, இன்டேக் சூடு மேலே ஏறாமல் தடுத்ததும் அந்தத் தொல்லை ஏறக்குறைய போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, ஏப்ரல் மாத மதியத்தில் இன்னும் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் மேஸ்திரி பேசுவார். 1966 வரை மஸ்டாங்குக்கு பிரேக் ஆயில் ஒரே லைன். ஒரு வீலில் ஹோஸ் வெடித்தால் நாலு வீலிலும் பிரேக் இல்லை. 1967இல்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அந்த இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் போடாமல் வண்டியை வெளியே விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். டிரம் அப்படியே இருக்கட்டும், லைனிங் ஜே.சி. ரோட்டில் புதிதாக ரிவெட் அடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார். வண்டி இப்போது நேராக நிற்கிறது. நவீன கார் ஓட்டிப் பழகிய காலுக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கும்.

அந்த ஷெட்டில் காத்திருக்கும் பெஞ்சைப் பற்றியும் எழுதியாக வேண்டும். சனிக்கிழமை போனால் டீயோடு ஒரு சபை கூடியிருக்கும். இம்பாலாக்காரர் ஒருவர், ஓசூரிலிருந்து கிங்ஸ்வே கொண்டுவருகிறவர் ஒருவர், வண்டியே இல்லாமல் வருகிறவர்கள் மூன்று நான்கு பேர், வாய் அதிகம் அவர்களுக்குத்தான். ஃபேக்டரியில் போட்ட ஹோஸ் கிளாம்ப் வரைக்கும் அதே மாடல் வேண்டும் என்கிற கட்சி ஒன்று, உள்ளே எல்லாவற்றையும் புதிதாக்கி வெளியே மட்டும் பழசாக வைத்தால் போதும் என்கிற கட்சி இன்னொன்று. இன்ஜெக்ஷன் கிட்டா கார்புரேட்டரா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. என் கருத்து: உயரம், பெட்ரோல் எது மாறினாலும் தானே சரிசெய்துகொள்ளும் என்பதால் இன்ஜெக்ஷன் கிட்டை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை, ஆனால் அதன் பம்ப்போ கம்ப்யூட்டரோ கோளாறானால் துமகூர் ரோட்டில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், கார்புரேட்டரை ஒரு ஸ்க்ரூடிரைவரோடு ரோட்டோரத்தில் சமாளித்துவிடலாம். ஃபேக்டரியில் வந்த அதே நம்பர் இன்ஜினும் பாகங்களும்தான் இருக்க வேண்டும் என்கிற நம்பர் மேட்சிங் வெறி பிடித்தவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஏலத்துக்கு அனுப்பப் போகிற வண்டியா இது? இன்னொரு வேடிக்கை, இந்த வண்டியின் சி4 ஆட்டோமேட்டிக் கியரில் டிரைவ் நிலைக்கு இரண்டு புள்ளிகள் உண்டு. பெரிய பச்சைப் புள்ளியில் வைத்தால் முதல் கியரில் கிளம்பும், சின்னப் புள்ளியில் வைத்தால் இரண்டாவதிலிருந்தே கிளம்பும். சபையில் ஒருவர் என் வண்டியைச் சின்னப் புள்ளியிலேயே ஓட்டிவிட்டு வந்து, என்னப்பா வி8 என்கிறாய், பிக்கப்பே இல்லையே என்று அரைமணி நேரம் பேசினார்.

டிங்கரிங். மஸ்டாங்கில் துரு முதலில் பிடிக்கும் இடம் கண்ணில் படாது. வைப்பருக்கு முன்னால் காற்று உள்ளே போக ஓட்டைகள் இருக்கிறதே, அதற்குக் கீழே ஒரு பெட்டி, கவுல் என்பார்கள். நம் ஊர் மரத்தடி பார்க்கிங்கில் இலையும் சருகும் அதில் விழுந்து மழையில் ஊறி உள்ளே தகடு அரித்துப்போகும். வாங்கப் போகிற வண்டியில் அந்த ஓட்டைகள் வழியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள், ஈரமானால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். என் வண்டி குளம்தான். சிலர் இதற்கு மேலிருந்து ஃபைபர் ஊற்றி மூடிவிடுவார்கள். இவர்கள் ஸ்பாட் வெல்டை ஒவ்வொன்றாக டிரில் செய்து மேல்தகட்டைக் கழற்றி, அரித்ததை வெட்டி, புதுத்தகடு வைத்து, கழற்றிய இடத்திலேயே திரும்ப வெல்டு அடித்தார்கள். மாதக்கணக்கில் இழுத்தது என்றாலும் வேலை சுத்தம். பின்சக்கரத்துக்குப் பக்கத்துத் தகடுகளும் அப்படித்தான், காந்தம் வைத்துப் பார்த்தேன், எங்கேயும் நழுவவில்லை, அதாவது பட்டி மெல்லிசு.

இவ்வளவு நல்ல தகடு மேல் அந்த பெயின்ட்டை அடித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. பெயின்ட் அடிக்க வெளியாள் வருகிறார், அவருக்கு இன்னும் நாலு இடத்தில் வேலை. பூத் கிடையாது, பிளாஸ்டிக் ஷீட் கட்டிய மூலை. நைட்மிஸ்ட் ப்ளூ என்ற அடர்நீலம், அதில் தூசி ஒன்று விழுந்தாலும் தெரியும், இதில் பானட் முழுக்க ஆரஞ்சுத்தோல் மாதிரி மேடுபள்ளம். ஜன்னல் ரப்பரை எடுக்காமல் டேப் ஒட்டி அடித்ததால் ரப்பர் ஓரத்தில் நீலம் ஏறியிருக்கிறது. டியூப்லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்த கதவும் ஃபெண்டரும் வெயிலில் இரண்டு நிறம். சொன்னதும் ஓனர் மறுக்கவில்லை, கதவைத் திரும்ப அடித்துக் கொடுத்தார், அதுவும் ஏறக்குறைய முன்பு மாதிரியேதான் வந்தது. பெயின்ட் கணக்கில் பாதிப் பணத்தைக் கழித்துக்கொண்டார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பாகங்கள் விஷயம் எரிச்சல். வாட்டர் பம்ப் வரவழைக்கச் சொன்னேன். 1970க்குப் பிந்தைய வண்டிக்கான பம்ப் வந்து இறங்கியது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் 1969 வரை கீழ் ஹோஸ் மாட்டும் குழாய் வலது பக்கம், 1970இலிருந்து இடது பக்கம். என் ரேடியேட்டரோடு அது சேராது. திருப்பி அனுப்பக் கப்பல் செலவு பம்ப் விலையை நெருங்கியது, சுங்கத் தீர்வை கட்டியது கட்டியதுதான். பாதி நீ பாதி நான் என்று முடித்தோம், எனக்கு இன்னும் அது நியாயமாகப் படவில்லை. அந்த பம்ப் இன்னும் அவர்கள் அலமாரியில் இருக்கிறது, யாரிடமாவது 302 கன அங்குல இன்ஜின் போட்ட 1970 வண்டி இருந்தால் மலிவாகக் கேளுங்கள். அமெரிக்கக் கடைகளின் கேட்டலாக் இப்போது நன்றாகவே இருக்கிறது, சேஸிஸ் நம்பரையும் கதவுத் தகட்டின் எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்து ஆர்டர் போட்டால் இந்தத் தலைவலி இல்லை, அவர்கள் வைக்கும் கமிஷனும் மிச்சம்.

செலவு கேட்பீர்கள். லேபர் மட்டும் ரெண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதில் பெரும்பகுதி டிங்கரிங். மெக்கானிக்கல் வேலைக்கு வாங்கியது நகருக்குள் சொன்ன எஸ்டிமேட்டில் பாதி கூட இல்லை. பில் கையெழுத்தில்தான் வரும், ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும், கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் போட்டுக் கொடுக்கிறார்கள். நேரம் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. மழை ஆரம்பித்தால் தகரக் கூரை ஒழுகும், பாதி வேலை நின்றுவிடும், அதனால் ஜூனுக்கு அப்புறம் கொடுப்பதைத் தவிருங்கள். வாரம் ஒரு முறை நேரில் போய் நின்றால் வேலை நகரும், ஃபோனில் கேட்டால் நாளைக்கு என்பார்கள்.

ஆர்.டி.ஓ. வேலை எதையும் இவர்கள் தொடமாட்டார்கள். வின்டேஜ் பதிவு 2021இல் வந்தது: ஐம்பது வருடம் தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது, நம்பரில் விஏ வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று ஓட்டலாம், தினமும் ஆபீசுக்குப் போகக் கூடாது. வி8 இறக்கிய ஆறு சிலிண்டர் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சி4 கியர்பாக்ஸின் பின்பக்க சீல் ஒழுகுகிறது, தரையில் சிவப்பாகச் சொட்டு விழுகிறது. சீலை நானே வரவழைத்துவிட்டேன், வேலையை மேஸ்திரியிடம்தான் கொடுக்கப் போகிறேன். பானட்டையும் கதவுகளையும் திரும்ப அடிக்க நல்ல பூத் வைத்திருக்கும் பெயின்டர் வேண்டும், ஒயிட்ஃபீல்டு பக்கமோ ஓசூர் பக்கமோ இருந்தாலும் பரவாயில்லை. அடர்நிறத்தில் வேலை செய்து காட்டியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வெயிலில் எடுத்த ஃபோட்டோ அனுப்பினால் இன்னும் நல்லது.